தாழ்ப்பாள் இருந்தது

1912 நவம்பர் 18, திங்கள்

காலையில் பனியும் அடுப்புப் புகையும் கலந்து ஒன்றும் தெரியவில்லை. காளிகாட்டிலிருந்து கிடர்பூர் வரை டிராம் மணியடித்துக்கொண்டே ஊர்ந்தது. மப்ளர் இல்லாமல் கிளம்பியதற்குச் சித்தியிடம் வசவு.

வாங்கவேண்டியது: அகல் இருபத்தொன்று. நல்லெண்ணெய். திரிக்குப் பஞ்சு. நெல்பொரி (கடையில் “கோய்” என்று கேட்கவேண்டும், “முடி” என்றால் அரிசிப்பொரியைக் கொடுத்துவிடுவான்). ஞாயிறு கார்த்திகை தீபம்.

ஆபீசில் புது வேலை. துபாஷி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவன். சர்க்கார் மரைன் கப்பலிலிருந்து ஓடிப்போன லஸ்கர் (கூலி மாலுமி) ஒருவனைப் பிடித்து வந்திருக்கிறார்கள். தமிழ் தவிர வேறு தெரியாது. ஆபீசில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.

பெயர் ஆரோக்கியம். வயது 22. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரைக் குப்பம். வெள்ளிக்கிழமை கப்பலை விட்டு இறங்கி, ஹௌரா வழியாக சாந்த்ராகாச்சி வரை நடந்திருக்கிறான். மெட்ராஸ் போகும் கூட்ஸ் வண்டிக்குள் ஒளிந்திருந்தபோது பிடிபட்டான். வலது கால் வீக்கம்.

பொடோபாபு (தலைமை குமாஸ்தா): “எல்லா லஸ்கரும் சொல்வதைத்தான் சொல்வான், மொஷாய். சோறு சரியில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பத்து வரி போதும்.”

அவன் அதைச் சொல்லவில்லை.

“ஐயா, வெளக்கு தொடைக்கணும்னு சின்ன தொர என்னைய சார்ட்டு ரூமுக்குக் கூப்டாருங்க. உள்ள போனதும் தாப்பா போட்டாரு.”

நிறுத்தினான். பிறகு தரையைப் பார்த்தபடி நான்கு வாக்கியம். அவற்றை ஆபீஸ் தாளில் எழுதினேன். இங்கே எழுத முடியவில்லை.

சின்ன துரை என்பது முதல் லெஃப்டினன்ட். ஹெச்.

விதி: மாலுமிக்குக் குறை இருந்தால் முதல் லெஃப்டினன்ட் மூலமாகத் தெரிவிக்கவேண்டும். ஆரோக்கியம் அப்படித் தெரிவிக்கவில்லை என்பதும் ஒரு குற்றமாகச் சேர்ந்திருக்கிறது.

பொடோபாபு என் நான்கு வாக்கியங்களையும் அடித்துவிட்டு மேலே இரண்டு வார்த்தை எழுதினார். “முறைகேடான நடத்தை.”

சனிக்கிழமை உச்ச ஓதத்தில், ஆற்றில் நீர் ஏறும் நேரத்தில், கப்பல் பர்மா கரைக்குப் புறப்படுகிறது. கடல் அளக்கும் வேலை, ஆறு மாதம். விசாரணையில் இவன் சொல்வதை நம்பாவிட்டால் அதே கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

“ஏத்துனாங்கன்னா நான் தண்ணில எறங்கிருவேங்க.” குரலை உயர்த்தாமல் சொன்னான், நாளைக்கு மழை வரும் என்பதுபோல.

நானும் அந்தக் கப்பலில் இருந்தவன். சித்திரை முதல் ஆவணி வரை ரைட்டர் (எழுத்தர்). அவனிடம் சொல்லவில்லை.

19, செவ்வாய்

விசாரணை மாடி அறையில். மூன்று அதிகாரிகள். தலைவர் நரைத்த கமாண்டர், ஒரு காது மந்தம். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லவேண்டும். ஆரோக்கியத்தின் வாக்குமூலத்தை, அந்த இரண்டு வார்த்தையை, உரத்த குரலில் இரண்டு தடவை படித்தேன்.

வராந்தாவில் ஹெச். தொப்பி கக்கத்தில். நன்றாகச் சவரம் செய்த முகம்.

“கண் எப்படி இருக்கிறது, வைத்தி?”

கப்பல் வேலையை விட்டதற்கு நான் எழுதிக் கொடுத்த காரணம் கண் எரிச்சல். அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

“தேவலை, சார்” என்றேன். சார் என்று சொல்லியிருக்கவேண்டாம்.

சாட்சி: செராங், லஸ்கர்களுக்குத் தலைவன். பையன் சோம்பேறி, திமிர் பிடித்தவன், அவ்வளவே தெரியும் என்றான். மற்ற லஸ்கர்கள் யாரும் ஒன்றும் பார்க்கவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது செராங் ஆரோக்கியத்தைப் பார்த்து இந்துஸ்தானியில் சொன்னது: “கப்பலுக்கு வரும்போதே ஒரு புடவை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே.” சிரிப்பு. நாலைந்து பேர். ஆரோக்கியம் என்னைப் பார்த்தான்.

“என்ன சொல்றாங்க?”

“ஒண்ணுமில்லை.”

துபாஷி செய்யும் வேலையா அது.

கடைசியில் ஹெச். பேசினார். அமைதியாக. கடல் வரைபடம் வைக்கும் சார்ட் அறைக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது, யார் வேண்டுமானாலும் எப்போதும் உள்ளே வரலாம், ஆகையால் இந்தக் கதை நடந்திருக்க முடியாது. வேண்டுமானால் நாளை கப்பலுக்கு வந்து பார்க்கலாம்.

கமாண்டர்: “என்ன கிடையாது?”

“தாழ்ப்பாள், சார்” என்றார் ஹெச்.

தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அகல் வாங்க மறந்தேன்.

20, புதன்

கப்பலுக்குப் போனோம், ஆரோக்கியத்தையும் கூட்டிக்கொண்டு. படகுத்துறையில் சணல் மூட்டை நாற்றம். ஏணிப்பலகையில் ஒரு கால் வைத்து நின்றேன். முன்னால் போன அதிகாரி கைகொடுத்தார், நான் கடலுக்குப் பழகாதவன் என்று நினைத்து.

சார்ட் அறை. நீள மேசை. இங்க், அராபிக் கோந்து, ஈரக் கம்பளம். எல்லாம் அதே.

கதவில் தாழ்ப்பாள் இல்லை.

கமாண்டர் கதவைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இருந்துச்சுங்க! இங்கதாங்க, பித்தள! ஐயா, சொல்லுங்க அவங்களுக்கு!”

சொன்னேன். தாழ்ப்பாள் இருந்ததாகக் கைதி கூறுகிறான்.

கதவுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. அவர்கள் வெளியே போனபிறகு கட்டைவிரலால் தடவினேன். வலது ஓரம், மார்பு உயரம். நான்கு திருகாணித் துளைகள். மக்கு வைத்து அடைத்து மேலே வர்ணம். இன்னும் இறுகவில்லை. நிமிர்ந்தால் ஹெச். வாசலில்.

வழிவிட்டார்.

இப்போது மணி ஒன்று. எல்லோரும் டிபனுக்குப் போய்விட்டார்கள். எழுதிவிடலாம்.

எனக்கும் நடந்தது. ஆடி மாதம். அதே அறை. மத்தியானங்களில். மழைக்காலம் முழுக்கக் கப்பல் கரையில் கட்டிக் கிடந்தது, படம் வரையும் வேலை. நான் எண்களை எழுதுவேன். முதலில் தோளில் கை. எழுத்தைப் பார்ப்பதுபோல் குனிவது. பிறகு தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளை ஸ்டோரிலிருந்து கேட்டுச் சீட்டு எழுதியவன் நான். அவர் சொல்லச் சொல்ல என் கையால் எழுதினேன்: சார்ட் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது, படங்கள் பறக்கின்றன, பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று தேவை. நியாயமான காரணம் என்று அப்போது நினைத்தேன். காற்று அடிக்கத்தான் செய்தது.

ஆவணியில் கண் எரிச்சல் என்று எழுதிக் கரை வேலைக்கு, இந்த ஆபீசில் மாலுமி சேர்க்கும் மேசைக்கு, மாற்றிக்கொண்டேன். புரட்டாசியில் நாகப்பட்டினத்து ஆள் ஒருவன் வந்து நின்றான், ஆரோக்கியம். இரண்டு கப்பலில் இடம் இருந்தது. வரிசையில் முதலில் இருந்தது அந்தக் கப்பல், அதில் அவன் பெயரை எழுதினேன். வேறு எதையும் அப்போது நான் நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பது அந்த நாட்களில் எனக்கு நன்றாக வந்தது.

21, வியாழன்

பனி விலகி வெயில். காலையில் சித்தப்பாவிடம் ஆரம்பித்துப் பார்த்தேன். அவர் பேப்பரில்.

“சித்தப்பா, கப்பல் வேலையை ஏன் விட்டேன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

“கேட்டேனே. கண்ணு எரியறதுன்னே. கண்ணாடி போட்டுக்கோடான்னேன்.”

“கண்ணு இல்லை.”

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. “பின்னே? யாரையாவது எதிர்த்துப் பேசினியா?”

“இல்லை.”

“அப்போ என்னத்துக்கு இந்தப் பீடிகை? தை மாசம் என் ஆபீஸ் டில்லிக்குப் போறது. நான் அங்கே, இவா இங்கே. இந்த ஆத்துக்கு அப்புறம் நீதான். சர்க்கார் உத்தியோகம், கெட்டியா பிடிச்சுக்கோ. துரைமாரெல்லாம் உன்னைப் பத்தி நல்லதாத்தான் சொல்றா. போன மாசம் டிராமுக்கு நிக்கறேன், உன் லெஃப்டினன்ட் தானே வந்து கைகொடுக்கறார். உங்க பையனுக்கு என்ன அழகான கையெழுத்துன்னார்.”

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“என்னடா முழிக்கறே?”

உள்ளேயிருந்து சித்தி: “அவனை விடுங்கோ, டிராம் போயிடும். டேய் வைத்தி, இன்னிக்கும் அகல் வரலேன்னா நீ வராதே!”

ஆபீசில் பொடோபாபு வெற்றிலை வாங்கப் போன நேரம் அலமாரியைத் திறந்தேன். மூன்றாம் தட்டு. ஜூலை மாதச் சீட்டுகளின் நகல். கிடைத்தது. என் கையெழுத்தேதான். கீழே ஹெச். கையொப்பம், ஸ்டோர் முத்திரை. தட்டச்சுத் தாள்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஹெச். வந்தார், புறப்பாட்டுக் காகிதங்களில் கையெழுத்துப் போட. என் மேசையருகில் நின்றார். தோளில் கை. அதே எடை.

“சாட்சி சொல்ல வருகிறவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும் எனக்கு. எல்லாம் கேட்பார்கள். ஏன் கத்தவில்லை. மறுநாளும் ஏன் வேலைக்கு வந்தாய். இத்தனை மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை.” பேனாவை மூடினார். “உனக்கு ஒரு நல்ல சர்டிபிகேட் எழுதித் தருகிறேன், வைத்தி. நினைவுபடுத்து.”

அந்த மூன்று கேள்விகளும் எனக்குப் புதிதல்ல. தினமும் டிராமில் கேட்டுக்கொள்கிறேன். அவரும் அதே வரிசையில் கேட்டார்.

சீட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். பொடோபாபு வந்துவிட்டார். பிறகு மறுபடி எடுத்தேன்.

அகல் வாங்கிவிட்டேன். ஒன்று வழியில் உடைந்தது.

22, வெள்ளி

தீர்ப்புக்கு முன் கமாண்டர் வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டார்: வேறு ஏதாவது உண்டா.

எழுந்து சீட்டை மேசையில் வைத்தேன்.

“துபாஷி சாட்சி அல்ல” என்றார் இடது பக்க அதிகாரி.

“இது காகிதம்தான், சார்.”

படித்தார்கள். கை மாறியது. ஹெச். எழுந்தார். தாழ்ப்பாள் கேட்டது உண்மை, வந்ததும் உண்மை, பொருத்தவேயில்லை, எங்கோ கிடக்கும் என்றார். நல்ல பதில். ஒரு கணம் எனக்கே நம்பிக்கை வந்தது.

கமாண்டர் என்னிடம்: “பொருத்தினார்களா?”

“பொருத்தினார்கள்.”

“என்ன?”

“பொருத்தினார்கள், சார். திருகாணித் துளை இன்னும் இருக்கிறது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தாழ்ப்பாள் போட்டபோது நான் உள்ளே இருந்தேன்.”

“யாருடன்?”

ஹெச். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன் ஒன்று மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தது.

இங்கிலீஷில் ஒரே வாக்கியம் சொன்னேன். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக வந்தது. யாருடைய பாடப்புத்தகத்திலிருந்தோ படிப்பதுபோல். கமாண்டர் இந்த முறை திரும்பக் கேட்கவில்லை. பொடோபாபுவின் பேனா நின்றுவிட்டது. என்ன இரண்டு வார்த்தை போடுவது என்று யோசித்தாரோ.

ஆரோக்கியம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லவேண்டியவன் நான்.

“என்னங்கய்யா? ஏன் எல்லாரும் இப்படி இருக்காங்க?”

“தாழ்ப்பாள் இருந்ததுன்னு சொன்னேன்.”

அதற்குமேல் மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம். வெளியே வராந்தாவில் நான், அவன், காவலாளி. பொடோபாபு என்னைக் கடந்து போனார், வந்தார். மூன்றாவது தடவை நின்றார். “ஆரே பாபா” என்றார், மெதுவாக. பிறகு, “சாப்பிட்டீரா?”

23, சனி

வெயில். நல்ல ஓதம்.

முடிவு: ஆரோக்கியம் உடல்நலமில்லாதவன் என்று வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டான். தண்டனை இல்லை. கப்பலில் ஏற்றமாட்டார்கள். காரணம் என்ற இடத்தில் கால் வீக்கம்.

ஹெச். பற்றி: மேலிடம் பார்த்துக்கொள்ளும்.

நான்: கூப்பிடும்வரை வரவேண்டியதில்லை. மேசைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வழக்கம்போல் டிபன் டப்பாவுடன் கிளம்பவேண்டுமா, அதற்குள் சித்தப்பாவிடம் சொல்லவேண்டுமா. யாராவது எனக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள்.

பகல் பன்னிரண்டேகால். கப்பல்துறை மதகு திறந்தது. கப்பல் பின்பக்கமாக நகர்ந்து ஆற்றுக்குள் திரும்பியது. மேல்தளத்தில் ஹெச்., வெள்ளை உடுப்பு, கட்டளை கொடுத்துக்கொண்டு. லஸ்கர்கள் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ண ஆரம்பித்து நிறுத்தினேன்.

ஆரோக்கியம் துறைமுக ஆஸ்பத்திரி வராந்தாவில், காலில் கட்டுடன் பெஞ்சில். நாளை மெட்ராஸ் மெயிலில் அனுப்புகிறார்கள். முடிவைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது.

“தாப்பா இருந்தது ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“நான் அந்தக் கப்பல்ல ரைட்டரா இருந்தேன்.”

“ரைட்டரா இருந்தா? அது உள்பக்கம்லங்க இருந்துச்சு. வெளிய நிக்கிறவங்களுக்குத் தெரியாதே.”

அவன் முகத்தில் அது மெதுவாக ஏறுவதைப் பார்த்தேன்.

“தெரிஞ்சுக்கிட்டா என் பேர அதுல எழுதுனீங்க?”

“ஆமாம்.”

“நாலு நாளு பக்கத்துல உக்காந்து நான் சொன்னதயெல்லாம் எழுதுனீங்களே. ஒரு வார்த்த சொல்லலையே. நான் மட்டுந்தான் இப்படின்னு செத்துக்கிட்டிருந்தேன்யா.”

திட்டுவான் என்று நின்றேன். கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் ஒருத்தி வாளியுடன் போனாள்.

“எத்தன தடவங்க?”

கமாண்டர் இதைக் கேட்கவில்லை. நானும் இதுவரை எந்த மொழியிலும் சொன்னதில்லை.

“மூணு.”

பெஞ்சில் நகர்ந்தான். எனக்கு இடம் விடவா, என்னை விட்டு விலகவா, தெரியவில்லை. உட்கார்ந்தேன்.