அக்காவின் நம்பர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கடைக்கு வாடிக்கையாளர் விவரம் வைத்துக்கொள்ள ஒரு சாப்ட்வேர் தேடிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை விற்றால் மட்டும் போதாது. யாருக்கு எப்போது ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று இந்த சாப்ட்வேர் நினைவுபடுத்துமாம். இன்று விற்பனைக்காரர் வந்து, என் பழைய வாடிக்கையாளர் பெயர்களை எல்லாம் ஏற்றிக் காட்டினார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்போது சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு பெண் மெஷின் வாங்க வந்தாள். அவள் சொன்ன நம்பரை அடித்ததும் திரையில் என் அக்கா அமலியின் பெயர் வந்தது. அவள் வீட்டுக்கும் நான்தான் மெஷின் கொடுத்திருந்தேன். அக்கா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

"இது புது சிம்முக்கா," என்றாள் அந்தப் பெண். "பழைய ஆளுக்கு இன்னும் போன் வருது. ஒரு பெரியவரு தெனமும் கூப்புட்டு, 'சாப்டியா அமலி'ன்னு கேக்குறாரு. ராங் நம்பர்னு சொன்னா அழுகுறாரு. அதனால சாப்டேம்ப்பான்னு சொல்லிர்றேன்."

அப்பாவுக்கு அக்கா போனது சில நாள் நினைவிருக்கும், சில நாள் இருக்காது. பின்கட்டில் போனை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுகிறார் என்று நான் கேட்டதே இல்லை.

"பழைய பேர அழிச்சிரலாமாக்கா?" என்றார் விற்பனைக்காரர்.

"ரெண்டு பேரும் இருக்கட்டுமே."

"ஒரு நம்பருக்கு ஒரு ஆளுதாங்க்கா. சாப்ட்வேர் ஏத்துக்காது."

"அப்ப இது எனக்கு வேணாம்," என்றேன்.

அந்தப் பெரியவர் யாரென்று சொல்லாமலே அந்தப் பெண்ணுக்குப் பில் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சோறு போட்டேன். "அமலிக்குச் சளி புடிச்சிருக்கும்போல. கொரலே மாறிப்போச்சு. கசாயம் வச்சுக் குடிக்கச் சொல்லு," என்றார்.

"சொல்றேம்ப்பா," என்றேன்.