கோழிக்கூட்டுக் கத்திகள்

மேட்டு லயம்,
பதுளை.
2025.06.08

பேரன்பும் பெருங்கோபமும் உடைய அக்காவுக்கு,

நுவரெலியா நர்ஸ் விடுதியில் வசிக்கும் பிரசாந்தினிக்கும் ஏனைய நாட்டு மக்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: நம் வீட்டுப் பின்புறக் கோழிக்கூட்டிலிருந்து சிவப்புப் பெட்டைக்கோழி சகல மரியாதைகளுடனும் வெளியேற்றப்பட்டது. போகும்போது வாசலிலேயே ஒரு முட்டை இட்டு எதிர்ப்பைப் பதிவு செய்தது. அதன் இடத்தில் நான் சேர்த்த பழைய கருவிகள் குடியேறிவிட்டன.

ஏன் கடிதம் என்கிறாயா? கோயில் கமிட்டி கணபதி மாமாவின் போனில் சேவல் கூவும் ரிங்டோன் வைத்தேன். தீபாராதனை நேரம் பார்த்து அது கூவிவிட்டது. தேயிலைச் செடியை மட்டமாகக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி அப்பா என் போன் வாழ்க்கையை வெட்டிவிட்டார். அம்மாவின் போனில் பேசினால் பக்கத்திலேயே நின்று கேட்கிறார்.

கூட்டில் இப்போது மரம் இழைக்கும் சீவுளி, கையால் சுற்றித் துளை போடும் துறப்பணம், கூரை இடுக்குகளிலிருந்து சனங்கள் எடுத்துத் தந்த கவ்வாத்துக் கத்திகள் எல்லாம் இருக்கின்றன. கத்தி அலகில் எல்லாம் தோட்டத்து முத்திரை ஒன்றுதான். பிடிதான் ஒன்றுபோல் ஒன்று இல்லை. தோட்டம் இரும்பை மட்டும்தான் கொடுத்ததாம். பிடியை அவரவர் கொய்யாக் கட்டையில் தம் கைக்குச் செதுக்கிக்கொண்டார்கள். தேய்மானத்தைப் பார்த்தே இது இடக்கைக்காரர், இவருக்குச் சுண்டுவிரல் இல்லை என்று சொல்லிவிடுவேன். இராக்கம்மா ஆச்சி தன் புருஷனின் கத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எடுத்துக் காட்டினார்.

நுனி சுருண்ட ஒரு கத்தி மட்டும் என்னவென்று தெரியவில்லை. ஆகவே 'வெள்ளைக்காரத் துரை காது குடைந்த கருவி, 1890' என்று சீட்டு எழுதி மாட்டினேன். என் கூட்டாளி ஷாஹ்மி அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டான். பதுளை பஜாரே நம்பிவிட்டது. உன் தம்பி பெரிய மனிதன் ஆகிவிட்டான்!

கூட்டின் தலைமை அதிகாரி,
நிரோஷன்

நுவரெலியா.
2025.06.14

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய மனிதரே, உங்கள் புகழ் அம்மாவின் அழுகையாக எனக்குப் போனில் வந்து சேர்ந்தது. ஷாஹ்மி போட்ட படத்தைப் பார்த்துத்தானே பங்களா மெனேஜர் வீட்டுக்கே வந்தார்? தோட்டத்துத் துரை பங்களா இப்போது ஹோட்டலாம், சுவரில் மாட்ட உன் கத்திகள் வேண்டுமாம். தோட்டத்து முத்திரை இருப்பதால் எல்லாம் கம்பெனிச் சொத்தாம். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்தது எடுக்க வருவாராம். உன் குறும்பால் வந்த வினை.

கொடுத்துவிடு, தம்பி. ஹோட்டலும் அதே கம்பெனி, அப்பாவின் தேயிலை பெக்டரியும் அதே கம்பெனி. அவர் வேலையை நிரந்தரமாக்குவதாக இந்த மாதம்தான் சொல்லியிருக்கிறார்கள். பழைய இரும்புக்காக அது போக வேண்டுமா?

அந்தக் கத்தி காது குடைய இல்லை. இங்கே பூங்காவுக்குப் பக்கத்தில் மட்டக் குதிரை வைத்திருப்பவர் அதே மாதிரி ஒன்றால் குளம்பு சீவுகிறார். நேற்று நின்று பார்த்தேன். சீட்டை மாற்று.

கோழியை உள்ளே விடு.

அக்கா

மேட்டு லயம்,
பதுளை.
2025.06.19

எதிர்க்கட்சித் தலைவிக்கு,

உன் புத்திமதிகள் எல்லாம் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு வந்து வரிசையாக நின்றன. பெயர் பதிந்துவிட்டு அவற்றை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

குளம்பு விஷயத்துக்கு நன்றி. சீட்டை மாற்றிவிட்டேன். மற்றபடி கொடுக்க மாட்டேன். ஒன்றுகூட. இராக்கம்மா ஆச்சி தடவிப் பார்த்த கத்திக்குக் கீழே உட்கார்ந்து யாரோ கேக் தின்பார்கள். "ஹவ் நைஸ்" என்பார்கள். அது யாருடைய கை என்று சுவர் சொல்லுமா?

அப்பாவும் உன் கட்சிதான். "குடுத்துருடா, பெரிய இடத்து வம்பு நமக்கெதுக்கு" என்றார். பங்களாப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? அவருடைய முதுகெலும்பையும் பெக்டரியில் அரைத்துவிட்டார்கள் போல.

மெனேஜர் வரட்டும். வாசலில் நானே நிற்பேன். நான் பேசுகிற பேச்சில் அவர் டை தானாக அவிழும்.

அஞ்சாத தம்பி,
நிரோஷன்

மேட்டு லயம்,
பதுளை.
2025.06.29

அக்கா,

வெற்றி! நேற்று மெனேஜர் வேனோடு வந்தார். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. நான் முன்னால் போய் நின்று, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்:

"இரும்புல உங்க முத்திரை இருக்கு சேர், நான் இல்லேங்கல. எடுத்துக்கோங்க. ஆனா பிடி எங்களோடது. எங்க தாத்தா அவரு கைக்குச் செதுக்குனது. தோட்டம் ஒரு நாளும் பிடி குடுத்ததில்ல. பிடிய வச்சிட்டு இரும்ப மட்டும் கழட்டிட்டுப் போங்க."

அவர் ஒரு கத்தியைப் பிடித்து இழுத்தார், முறுக்கினார். வருமா? பழுக்கக் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்கிய இரும்பு. முகம்தான் பழுத்தது.

"பாத்து சேர், உடைஞ்சிச்சுன்னா புதுப் பிடி நீங்கதான் செதுக்கணும்."

இராக்கம்மா ஆச்சி சிரித்த சிரிப்பில் லயமே சேர்ந்துகொண்டது. "ஹெட் ஒபிஸ்ல கேட்டுட்டு வாறேன்" என்று அவர் வெறும் வேனோடு போய்விட்டார். கத்திகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உன் தம்பியின் வீரத்தை விடுதி முழுக்கச் சொல்.

வெற்றிவேந்தன்,
நிரோஷன்

பி.கு.: ஒட்டிய உறையைத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே 'எங்க தாத்தா' என்று இருக்கிறதே, அந்த இடத்தில் உண்மையில் வந்தது 'எங்கப்பா'. அவ்வளவும் பேசியது நம் அப்பா, அக்கா. பெக்டரியிலிருந்து நேரே வந்து, தேயிலைத் தூள் ஒட்டிய கையோடு எனக்கு முன்னால் நின்றார். பேசி முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு கை மறு கையை இறுக்கிப் பிடித்திருந்தது பின்னால் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது. நிரந்தர வேலையைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. அவரும் கேட்கப் போகவில்லை.

போன கடிதத்தில் முதுகெலும்பு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. எழுத்தே தெரியாமல் அடி.

நானும் பேசாமல் இல்லை. மெனேஜர் இறங்கியதும் முதல் ஆளாக வாயைத் திறந்தது நான்தான். "குட் மோர்னிங் சேர்" என்றேன். அப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.