பேனுக்கு அரைத்த விதை

ஆகஸ்ட் 10
இரண்டு வீட்டில் குழாய் அடைப்பு, ஒரு வீட்டில் மோட்டார் பழுது. முதுகு விட்டுப்போச்சு. வீட்டுக்கு வந்தால் வாண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: தலையில் பேன், சரிசெய்யவும். அதுவரைக்கும் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வேண்டுமாம். ஒன்பது வயதுப் பிள்ளை. எனக்குச் சுருக்கென்றது.

அவள் அம்மா இருந்தவரை அந்தத் தலையில் ஒரு சிக்கு இருந்ததில்லை. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு எந்தக் குழாய்க்கும் மரை போடத் தெரியும். இரட்டைப் பின்னல் மட்டும் இன்றைக்கும் கோணல்தான்.

ஆகஸ்ட் 14
பேன் சீப்பில் இரண்டு பல் போய்விட்டது. மெடிக்கல் ஷாப் ஷாம்புவுக்கு ஒன்றும் அசையவில்லை. சீப்புக்கும் ஷாம்புவுக்கும் தப்பியதெல்லாம் கெட்டிக்காரப் பேன்கள் போல. முடியைக் கழுத்தோடு வெட்டிவிடலாமா என்று கேட்டேன். “வேணும்னா உன் முடிய வெட்டிக்கோ” என்றாள். எனக்கு வெட்ட என்ன இருக்கிறது?

அண்ணி போன் செய்தார். என் மனைவியின் அக்கா, வாண்டுக்குப் பெரியம்மா. மாதா மாதம் அதே பேச்சுதான்: “பொம்பளப் புள்ளைய ஒத்த ஆளா எப்படிப்பா வளர்ப்பே? எங்கிட்ட விடு, எம் புள்ளைங்களோட வளரட்டும்.” பேன் விஷயத்தை நான் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பார்.

ஆகஸ்ட் 16
ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார்: “கொல்லையில மரத்த வச்சுக்கிட்டா ஊரெல்லாம் மருந்து தேடுறே? சீத்தாப்பழ விதைய அரைச்சு எண்ணெயில கொழைச்சுத் தேயி. ஒரே தடவையில ஓடிடும். கண்ணுல மட்டும் படவே கூடாது, பாத்துக்கோ.”

மரம் வீட்டுக்காரருடையது. ஆள் உயரத்துக்கு மேலே போக மனசில்லாமல் பக்கவாட்டிலேயே கிளைத்திருக்கும். தண்டெல்லாம் எறும்பு. இந்த வருடம் காய்ப்பு அதிகம். பிளவு விட்டு வெளுத்த காய்களாகப் பார்த்து எட்டு பறித்து அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

ஆகஸ்ட் 18
பழுத்துவிட்டது. நானும் வாண்டும் எட்டையும் தின்று தீர்த்தோம். விதையை யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி. அவள்தான் ஜெயித்தாள். அப்புறம் இருவரும் குனிந்து பொறுக்கினோம். பேனுக்காகப் பழம் தின்கிற குடும்பம் எங்களைத் தவிர வேறு இருக்காது. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு
மிக்ஸியில் அரைத்துத் தேய்த்தேன். தலையிலும் கண்ணிலும் துணி கட்டிவிட்டேன். நான் பக்கத்திலேயே இருந்தும் வாண்டு துணியை அவிழ்த்துவிட்டாள். எண்ணெய் இடது கண்ணில் இறங்கிவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சிவந்திருக்கிறது. நாளைக்குச் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 21
சரியாகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 23
கண் ஆஸ்பத்திரி. இமையைத் திறக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கருவிழியில் புண்ணாம், சீழ் வைத்துவிட்டதாம். நான் விட்ட சொட்டு மருந்தை வாங்கிப் பார்த்த டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “இது புண்ண இன்னும் கெடுக்கும்ங்க. மூணு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

என்ன பண்ணிட்டிருந்தேன்? நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும் — அதைத்தான்.

எப்படிப் பட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாண்டு சொன்னாள்: “அப்பா அவுக்காதேன்னுதான் சொன்னாங்க டாக்டர். நாந்தான் அவுத்துட்டேன்.”

நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன்.

ஆகஸ்ட் 25
மணிக்கு ஒரு முறை மருந்து. ஆஸ்பத்திரி மதிலோரம் நெட்டிலிங்க மரங்கள் வரிசையாக நிற்கின்றன, நெட்டையாக, இலையைத் தொங்கவிட்டுக்கொண்டு. தண்ணீர் பாய்ச்சுகிறவர் பேச்சுவாக்கில் சொன்னார், இதுவும் சீத்தா வகையறாதானாம், ஒரே குடும்பமாம். அந்தக் குடும்பம் என்னை விடாது போலிருக்கிறது. மரத்தைப் பார்க்காத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 26
இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்? இதில் கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

வாண்டு துணியை அவிழ்க்கவில்லை. நான் பக்கத்தில் இல்லை. தேய்த்துக் கட்டி முடித்த நேரம் போன் வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் மெயின் குழாய் வெடித்து, தண்ணீர் கீழ் வீட்டுக்குள் இறங்குகிறதாம். கால் மணி நேர வேலை என்று நினைத்தேன். கொல்லையில் ஸ்டூலைப் போட்டு அவளை உட்கார வைத்து, “நான் வந்து கழுவி விடுறவரைக்கும் துணியத் தொடாதே, அசையாதே” என்று சொல்லிவிட்டுப் போனேன். வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

வெயில். வேர்வையோடு எண்ணெய் துணிக்குள் இறங்கியிருக்கிறது. எரிந்திருக்கிறது. அவள் அசையவில்லை. நான் வந்தபோது ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு. என் செருப்புச் சத்தம் கேட்டதும், “இப்ப அவுக்கலாமாப்பா?” என்றாள்.

சொன்ன பேச்சைக் கேட்டதால் வந்தது. அது மட்டும்தான் அவள் செய்த தப்பு.

ஆகஸ்ட் 27
டாக்டரம்மாவிடம் ஏன் அப்படிச் சொன்னே என்று வாண்டைக் கேட்டேன். “நீ விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா பெரியம்மா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கல்ல?” நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 2
நர்ஸம்மா தலை சீவிவிட்டார். பேன் ஒன்றுகூட இல்லை.

செப்டம்பர் 9
வீட்டுக்கு வந்துவிட்டோம். யார் சொன்னார்களோ, அண்ணி வந்துவிட்டார். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் திட்ட ஆரம்பித்தார். “அப்பா சொன்னா கேக்க வேணாமா? அப்படி என்னடி பிடிவாதம்? கண்ணையே கெடுத்துக்கிட்டு நிக்கிறியே!” வாண்டு தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். என்னை அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘நீ என்னப்பா பண்ணுவே, பாவம்’ என்று காபி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். குடித்துத் தொலைத்தேன்.

செப்டம்பர் 10
இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 11
இன்றும்.

செப்டம்பர் 14
புண் ஆறிவிட்டதாம். ஆறின இடத்தில் வெள்ளைத் தழும்பு, சரியாக நடுவில். வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. செத்தவர்கள் தானம் கொடுக்கும் கண்ணிலிருந்து கருவிழி எடுத்து வைக்கலாமாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது நிற்பதும் நிற்காததும் சொல்ல முடியாதாம். வரிசையில் பெயர் எழுதிவிட்டு வந்தேன். நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டேன். பெயர் எழுதிக்கொண்ட பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, “கூப்பிடுவோம் சார்” என்றாள்.

பஸ்ஸில் அண்ணி மறுபடியும் ஆரம்பித்தார். “அன்னிக்கே அந்தத் துணிய அவுக்காம இருந்திருந்தா...” வாண்டு வலது கண்ணால் என்னைப் பார்த்தாள். சொல்லிடாதே என்று சொல்கிற பார்வை.

செப்டம்பர் 15
சொல்லிவிட்டேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, ஒரே மூச்சில். போன் வந்தது, போனது, ஒன்றே முக்கால் மணி நேரம், எல்லாம்.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, “அப்போ இவ்வளவு நாளும் இந்தப் புள்ளைய நான் திட்டத் திட்டப் பாத்துக்கிட்டு நின்னியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெட்டியை எடுத்து வாண்டின் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பது?

வாண்டு ஓடி வந்து வயிற்றில் குத்தினாள். “ஏம்ப்பா சொன்னே? நான்தான் சொல்லிட்டேன்ல? ஏம்ப்பா சொன்னே?”



செப்டம்பர் 17
காலை பஸ்ஸில் போய்விட்டார்கள். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. கையசைக்கவில்லை.

செப்டம்பர் 24
இரும்புக் குழாய் அறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பச்சை மரத்துக்கு அது ஆகாது. விரல் கடை ஆழம் போவதற்குள் பல்லெல்லாம் நார் சிக்கிக்கொண்டது. சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்துவிட்டார். “ஏம்ப்பா, மரம் என்ன செஞ்சுது உன்னை?” ஒன்றும் செய்யவில்லை என்றேன். உண்மைதானே. கீழே பழம் விழுந்து உடைந்து கிடந்தது, அணில் தின்ற மிச்சம். விதையெல்லாம் சுத்தமாகக் கூட்டி அள்ளிக் கொட்டினேன்.

அக்டோபர் 8
போன் செய்தேன். புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதாம். எப்போ வருவே என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 5
அண்ணி வீட்டுக்குப் போனேன். வா என்றார், அவ்வளவுதான். கூடத்தில் பிள்ளைகள் நாலு பேரும் தாயக்கட்டை ஆடிக்கொண்டு ஒரே கூச்சல். வாண்டும் ஆட்டத்தில்தான், ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நன்றாகப் பின்னிவிட்டிருக்கிறார்கள், நேர் வகிடு எடுத்து. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். சத்தம் போடாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபத்தில்தான் திரும்பவில்லை என்று நினைத்தேன். ஒரு ஆட்டம் முழுக்கத் திரும்பவில்லை. அண்ணி காபியோடு வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெரிந்தது, நான் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடது பக்கம்.

எழுந்து சுற்றிப்போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு என் மேலே விழுந்தாள்.

“எப்பப்பா வந்தே?”

“இப்பத்தாம்மா” என்றேன்.