பரணி மேல் இருந்த மூன்றாவது கல்

அண்ணா,

இன்று காலையில் கடுமாங்காய் ஊறுகாய் போட்ட பரணி ஜாடியைத் திறந்தேன். மேலே கனத்துக்கு வைத்திருந்த கல்லை எடுத்து, கொல்லைக் குழாயில் கழுவி வெயிலில் வைத்தேன். உப்பும் காரமும் போய்க் காயும்போது அந்தக் கல்லிலிருந்து ஒரு வாசனை வரும். சுட்ட மணலின் வாசனை. பேத்தி மோந்து பார்த்துவிட்டு, வெறும் மாங்காய் வாசனைதான் என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? நீயாக இருந்தால் உனக்கு வந்திருக்கும். நீ போய் இது இரண்டாவது மாங்காய்க் காலம்.

நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன், எதையும் விடமாட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

அம்மா படுத்த படுக்கையான வருஷம் என்னை அஞ்சாங்கிளாஸோடு நிறுத்தினார்கள். உனக்கு டிபன் கட்டிக்கொடுத்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது நான். சாயங்காலம் நீ கூடத்தில் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்வாய், நான் அடுக்களையிலிருந்து திருத்துவேன். அப்பா, "பாருடா, அவ உள்ளேர்ந்து சொல்றா" என்பார். நீ ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகு நீ காலேஜில் வாத்தியாராகி, பழைய காலத்து மனுஷர்கள் தங்கின இடங்களைத் தேடி அலைய ஆரம்பித்தாய். திருநெல்வேலிக்குக் கிழக்கே கடலுக்கு முன்னால் செக்கச்செவேலென்று மணல் மலைகள், அந்தத் தேரிக்காட்டில் ஒரு மாசம் முகாம். உன் குடல் புண்ணுக்கு ஹோட்டல் சாப்பாடு ஆகாது. இவர் வடக்கே மாற்றலாகிப் போய் வீடு கிடைக்காமல் நான் கரமனையில் பிறந்த வீட்டில் இருந்த சமயம். சமைக்க என்னை அழைத்துப் போனாய். கேட்டு அழைத்துப் போகவில்லை, புறப்படு என்றாய்.

மணலில் கயிறு பிடித்துக் கட்டம் கட்டமாகப் பிரிப்பீர்கள். ஆறு பையன்களும் நீயும் வரிசையாக, குனிந்த தலை நிமிராமல் கட்டத்துக்குள் நடப்பீர்கள். நகக்கண் அளவு கல் சில்லு கிடைத்தாலும் அங்கே ஒரு குச்சி நட்டு, நம்பர் போட்டு, படத்தில் புள்ளி வைத்த பிறகுதான் கையால் தொடுவாய். "மணல்ல கல்லு தானா முளைக்காதுடீ கோமு. ஒரு கல்லைப் பார்த்தா அதைச் சுமந்துண்டு வந்தவாளைப் பார்த்த மாதிரி" என்று தினமும் சொல்வாய்.

ஆயிரமாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆடு மேய்த்தவர்கள் அந்த மணலில் மந்தையை அடைத்துப் போட்டு, மாசக்கணக்கில் குடும்பத்தோடு தங்கினார்கள் என்பது உன் கட்சி. மற்ற பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வழிப்போக்கர்கள் போட்டுப்போன சில்லு என்றார்கள். இருந்த இடத்தில் சாம்பலோடு இருக்கிற ஒரே ஒரு அடுப்பு கிடைத்தால் போதும், அவர்கள் வாயை மூடிவிடலாம் என்று நீ சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்வாய். இருபத்திரண்டு நாள் அடுப்பு கிடைக்கவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் ஸ்டவ் கெட்டுப்போயிற்று. அடைப்புக் குத்துகிற ஊசி உள்ளே ஒடிந்து மாட்டிக்கொண்டது. ஏழு பேர் பசியோடு வருவீர்கள். காய்ந்த பனையோலை இருக்கிறது, அடுப்புக் கூட்டக் கல் இல்லை. தேடிக்கொண்டு போனேன். காற்று மணலை வாரிப்போன ஒரு பள்ளத்தில் மூன்று கருங்கல், கரி படிந்து, அடுப்பாகவே நின்றன. போன வாரம் எவனோ ஆட்டுக்காரன் கஞ்சி காய்ச்சிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். முதல் நடையில் இரண்டு, அடுத்த நடையில் ஒன்று. கொண்டுவந்து ஒரு முள் உடைமரத்து நிழலில் வைத்துப் பற்ற வைத்தேன்.

நீ வந்து பார்த்தாய். கொதிக்கிற பானையை இறக்கச் சொன்னாய். மணலில் மண்டியிட்டு அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதும் எனக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை, நீ நம்பர் குச்சியை எடுத்து, நட இடம் தெரியாமல் கீழே போட்டதைப் பார்த்துத்தான் புரிந்தது. அப்படியே அழுதிருப்பேன், உன் காலில்கூட விழுந்திருப்பேன். அதற்குள் நீ நிமிர்ந்து, பையன்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய்.

"உன்னை அஞ்சாங்கிளாஸோட நிறுத்தினது சரிதான்."

ஒரு பையன், எங்கேயிருந்து எடுத்தாங்க என்று அக்காவையே கேட்கலாமே சார் என்றான். நீ என் பக்கமே திரும்பவில்லை. "இவளுக்கு எங்கே தெரியப்போறது? பள்ளமெல்லாம் ஒண்ணுபோலன்னா இருக்கு."

எனக்குத் தெரியும், அண்ணா. அந்தக் காட்டில் வழி தவறிவிடுவேனோ என்று பயந்து, எங்கே போனாலும் அடி எண்ணிக்கொண்டே போவேன். அன்றும் எண்ணினேன். அண்ணாவே கேட்கட்டும், கேட்டால் சொல்கிறேன் என்று நினைத்தேன். மூன்று நாள் நீ பள்ளம் பள்ளமாக அலைந்தாய். நான் ரசம் வைத்தேன். நாலாம் நாள் காற்று பிடித்துக்கொண்டது, எல்லாப் பள்ளமும் தூர்ந்துபோயிற்று. புறப்படும்போது ஒரு கல்லை என் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மீதி இரண்டும் உன் காலேஜில் கண்ணாடி அலமாரிக்குள் போயின. ஒரு தரம் பார்க்க வந்தேன். பக்கத்தில் சீட்டில் 'எடுத்த இடம் தெரியாது' என்று எழுதியிருந்தது. அதைப் படிக்க அஞ்சாங்கிளாஸ் போதும். இடம் தெரியாத கல்லை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உன் பேச்சு எடுபடவே இல்லை. தேரிக்குத் திரும்பப் போக உன்னை யாரும் அனுப்பவுமில்லை.

ரிட்டயரான பிறகு, இவரும் காலமான பின், ஒற்றையாளாக என் வீட்டுக்கே வந்தாய். பதினெட்டு வருஷம். தினம் மோர் சாதத்துக்கு இரண்டு கடுமாங்காய். பரணியை நான் திறப்பதை உட்கார்ந்து பார்ப்பாய். நாம் எதையெதையோ பேசினோம், கரமனை ஆற்றில் தண்ணீர் ஏறினதை, பஸ் நிற்காமல் போனதை. தேரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

நீ படுக்கையில் விழுந்த அந்த ஐப்பசியில் ஒரு நாள் முற்பகல். கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தேன். தலையணையில் சாய்ந்திருந்தவன் கண்ணைத் திறந்து மெதுவாகச் சொன்னாய்.

"ரெண்டு கல்லு காலேஜ்ல இருக்கு. மூணாவது உன் பரணி மேல இருக்கு. எடம்தான் இல்லை. எங்கேர்ந்துடீ எடுத்தே, கோமு?"

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு வருஷமும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறாய், கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நான் காத்திருந்தேனே, ஒரு நாள் நீயும் காத்திரு என்று தோன்றியது.

"நாளைக்குச் சொல்றேன். இப்போ கஞ்சியைக் குடி."

நீ சிரித்தாய். "சரி, நாளைக்கே சொல்லு. உனக்கு மறக்காது, கேட்டியா."

மறுநாள் காலை காபியோடு வந்தேன். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிற பேத்தி, போன ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் தேரியைக் காட்டினாள். மேலேயிருந்து எடுத்த படமாம். "பாட்டி, எல்லாம் ஒரே செவப்பா இருக்கே. எங்கேன்னு பறை" என்றாள். படத்தில் எனக்குத் திக்குத் தெரியவில்லை. என் கணக்கெல்லாம் காலில்தான் இருக்கிறது. படுத்துக் கண்ணை மூடினால் இன்னும் அது எண்ணுகிறது. கல்லைக் காலேஜில் சேர்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடுதாசியையும் அதோடு கொண்டுபோவாள். முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

நம் முகாமை ஒட்டின சாஸ்தா கோவில் பின்சுவரில் முதுகை வைத்து, அஸ்தமனத்தைப் பார்த்து நில். இரண்டு தலையாய்ப் பிரிந்த பனை ஒன்று நேரே தெரியும். அதுவரை நானூற்றுப் பதினெட்டு அடி. என் அடி, உன்னுடையது இல்லை. அங்கே வலது கைப்பக்கம் திரும்பி, மேடேறி இறங்க எழுபத்துமூன்று. பள்ளத்தின் நடுவில் தேடாதே, வடக்கு ஓரம். பெரிய கல் மேற்கே, சின்னது தெற்கே, என் பரணிக் கல் வடக்கே. வாய் கிழக்கே பார்த்திருந்தது. ஆடிக்காற்று மேற்கேயிருந்து வரும் என்று அந்த அடுப்பைக் கூட்டினவளுக்குத் தெரிந்திருக்கிறது. உடைமரத்து நிழலில் நானும் அப்படித்தான் வைத்தேன்.

கல்லை மட்டும்தான் எடுத்தேன், அண்ணா. அடியில் சாம்பல் இருந்தது. அதை நான் தொடவில்லை.