பக்கச் சுவருக்குப் பட்ஜெட் இல்லை

மே 4, ஞாயிறு

மேஸ்திரி இன்றும் வரவில்லை. காலையிலேயே வந்து சுவரை அளந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ஏதோ மந்திரி வருகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். போன் போட்டால், "வந்துட்டே இருக்கேன் சார்" என்கிறார். பின்னால் டிவி ஓடுகிறது, யாரோ தட்டு கழுவுகிறார்கள். வீட்டை விட்டே கிளம்பவில்லை என்பது எனக்கே கேட்டது. இவர் மட்டும், "வழியில இருக்காராம்" என்றார்.

குடிவந்து ஏழு வருஷம். உள்ளே பூசினோம், பெயின்ட் அடித்தோம். வெளியே இன்னும் செங்கல்தான். கொரியர் கொண்டு வருகிறவர் போனில், "அந்தக் கட்டிட்டிருக்கற வீடுதானேம்மா?" என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது.

மே 6, செவ்வாய்

வந்தார். அளந்தார். தொகையைச் சொன்னார். இவர் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

மே 7, புதன்

இவர் ராத்திரி சாப்பாட்டை முடித்ததும் கால்குலேட்டரோடு உட்கார்ந்துவிட்டார். பம்ப் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் அல்லவா, கணக்கு என்றால் முகத்தில் ஒரு தேஜஸ் வந்துவிடும். முடித்துவிட்டு, "பாரு, பட்ஜெட்டுக்குள்ள வந்துடுச்சு" என்றார்.

பார்த்தேன். முன்பக்கம் இருக்கிறது. பின்பக்கம் இருக்கிறது. கிழக்குப் பக்கம் இருக்கிறது. முன்பக்கத் தூண்கள் இரண்டுக்கும் கல் பதிப்பதுகூட இருக்கிறது. மேற்குப் பக்கச் சுவர் மட்டும் இல்லை.

"அந்தப் பக்கத்தை யாரு பாக்கப் போறாங்க?" என்கிறார்.

யாரும் பார்க்க மாட்டார்கள்தான். மழை பார்க்கும். சாரல் முழுக்க அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் மகளின் கட்டில். ஓதம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்து, மூலையில் கறுப்பு பூத்துக் கிடக்கிறது. போன மழைக்கு அவளுக்கு இருமல் நிற்கவே இல்லை. அறையை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். எப்படி வைத்துக்கொள்வது? சுவரைப் பிழிந்து காயப்போடவா?

தூணுக்குக் கல். தூண் என்ன இருமுகிறதா?

மே 9, வெள்ளி

நான் வேலை பார்க்கிற பல் கிளினிக்கில் ஒருவர். கடைவாய்ப் பல் சொத்தை, வேர் வரைக்கும். அதை விட்டுவிட்டு, முன்பல் இரண்டையும் வெள்ளையாக்கித் தரச் சொல்கிறார். கடைவாய் யாருக்குத் தெரியப் போகிறது என்கிறார். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆள் வீட்டிலும் இப்படி ஒரு பட்ஜெட் ஓடும் போல.

மே 11, ஞாயிறு

உண்மையான காரணம் பணம் இல்லை. எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும், மேஸ்திரிக்கே தெரிந்துவிட்டது.

அந்தச் சுவருக்கு அப்பால் இவருடைய அண்ணன் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து, இடம் அவர்களுடையது. நாங்கள் கட்டும்போது மகளின் ஜன்னலுக்கு மேல் போட்ட சன்ஷேடு சந்துக்குள் ஒரு சாண் நீட்டிக்கொண்டுவிட்டது. அண்ணன் வெட்டச் சொன்னார். தம்பி மாட்டேன் என்றார். அன்றைக்கு நின்ற பேச்சுதான். ஒரே தெரு, ஒரே பால்காரர், ஒரே பஸ் ஸ்டாப். எதிரே வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செருப்பு வார் அவிழ்ந்துவிடும்.

மேஸ்திரி இன்று சொன்னார்: "அந்தப் பக்கம் பூசணும்னா சாரம் கட்டணும்மா. சாரத்துக்குக் கால் ஊன்றதே அவங்க இடத்துலதான். நீங்க பேசிக் குடுத்துட்டா நான் பாட்டுக்கு வேலையைப் பாப்பேன்."

இவரிடம் சொன்னேன்.

"நான் போயி அவன் வாசல்ல நிக்கணுமா?"

"நிக்க வேணாம். கேட்டா போதும்."

"செங்கல் தெரிஞ்சாலும் பரவாயில்ல."

நமக்குப் பரவாயில்லை. மகளுக்கு?

மே 14, புதன்

மகள் சுவரில் உள்ள ஈரக் கறையைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, கண் மூக்கு வைத்திருக்கிறாள். திட்டப் போனேன். "இது போன வாரம் வரைக்கும் ஆமைம்மா, இப்ப யானை ஆயிடுச்சு" என்றாள். திட்டவில்லை.

மே 17, சனி

நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஓரகத்தி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். எங்களுக்குள் சண்டையே கிடையாது. இவர்கள் சண்டைக்காக நாங்கள் பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான். நானும் ஒரு கை பட்டாணியை எடுத்து உரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

உள்ளேயிருந்து மூத்தார், இவருடைய அண்ணன், வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அவனை வந்து கேக்கச் சொல்லும்மா."

"வர மாட்டார் மாமா. உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப சன்ஷேடை வெட்டச் சொல்லு. வெட்டின அன்னிக்கே சாரம் கட்டிக்கட்டும். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

மகளின் இருமலைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் வாய் மாறவில்லை. ஓரகத்தி குனிந்த தலை நிமிராமல், "நம்ம வீட்டு அந்தச் சுவரும் பூசாமத்தானே கிடக்கு. சாரம் ஒண்ணு கட்டினா ரெண்டு பக்கமும் ஆகும்ல, வாடகையும் பாதிப் பாதி" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பட்டாணியிடம் சொன்ன மாதிரி இருந்தது.

மே 18, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். போனதற்கே முதலில் ஒரு கோபம். பிறகு சன்ஷேடுக்குக் கோபம்.

"அதுல கை வச்சா அவன் சொன்னது சரின்னு ஆயிடும்."

"அது சரிதானே? நீட்டிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஒரு சாண்."

"அந்த ஒரு சாணுக்குத்தான் பொண்ணு இருமுறா."

எழுந்து போய்விட்டார். தூணுக்குப் பதிக்கிற கல்லின் மாதிரியை யாரோ கொடுத்திருக்கிறார்கள்; அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பிடுங்கித் தெருவில் வீசலாம் போல இருந்தது. வீசவில்லை. துணி துவைத்தேன், தேவைக்கு மேலே அடித்து.

மே 22, வியாழன்

சிமெண்ட் விலை ஏறிவிட்டதாம். மேஸ்திரி வேறு வேலை பிடித்துவிட்டாராம். "வர்ற வாரம் கை வைக்கலேன்னா அந்த வேலை முடிஞ்சுதான் வருவோம். மழைக்கு அப்புறம்னு வச்சுக்குங்க."

மழைக்கு அப்புறம் எதற்கு?

மே 24, சனி

செய்துவிட்டேன்.

இவர் ஸ்டாக் எடுக்க வெளியூர் கிடங்குக்குப் போயிருக்கிறார், புதன்கிழமை வருவார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, முன்பக்கம் வேண்டாம், தூணுக்குக் கல் வேண்டாம், பக்கச் சுவரை முதலில் எடுங்கள் என்றேன். சன்ஷேடை வெட்டிவிடுங்கள் என்றேன்.

"சாருக்குத் தெரியுமாம்மா?"

"சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். முன்பணத்தை எண்ணி வைத்ததும் பார்வை சரியாகிவிட்டது. ஓரகத்தி அவர்கள் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைத்தாளோ, நான் கேட்கவில்லை. இப்படிக் கூட்டினால் சின்ன மிச்சம்கூட வருகிறது.

போனில் இவரிடம் சொல்லலாமா? சொன்னால் நிறுத்தச் சொல்வார். சொல்லாமல் செய்வது தப்பா? தப்புதான். சொல்லி என்ன ஆயிற்று இவ்வளவு நாள்?

மே 26, திங்கள்

வெட்டியாயிற்று. கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டு நின்றேன்.

மூத்தார் சந்து முனையில் வந்து நின்றார். முழுவதும் விழுந்த பிறகு, "எங்க பக்கம் நீட்டினதைத்தானே வெட்டச் சொன்னேன்? முழுசையும் ஏன்மா எடுத்தீங்க? ஜன்னல்ல தண்ணி அடிக்குமே" என்கிறார்.

ஏழு வருஷம். ஏழு வருஷத்துல ஒரு தடவை வாயைத் திறந்து இதைத் தம்பிகிட்ட சொல்லியிருந்தா என்ன? ஒரு சாண், ஒரு சாண்னு அவரும் இவரும் — எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. மேஸ்திரி, "நீட்டாம சின்னதா ஒண்ணு போட்டுடலாம்மா, விடுங்க" என்றார். அதற்குத் தனிக் காசு. மிச்சம் போயிற்று.

மே 28, புதன்

வந்தார். பையைக்கூட வைக்காமல் சந்துப் பக்கம் போனார். சாரத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு மேலே பார்த்தார். திரும்பி வந்து, "யாரைக் கேட்டு?" என்றார்.

"யாரையும் கேக்கல."

சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன். போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பாடு வேண்டாம் என்று கூடத்தில் பாயை விரித்துக்கொண்டார்.

மே 31, சனி

பேச்சு இல்லை. "அம்மாகிட்ட என் சட்டை எங்கன்னு கேளு." "அப்பாகிட்ட அலமாரிலன்னு சொல்லு." மகள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலதானே இருக்கீங்க?" என்றாள்.

இந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஆள் வைத்துத்தான் பேசுவார்கள். நானும் சேர்ந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

பக்கச் சுவர் முடிந்தது. அவர்கள் சுவரும் முடிந்து, சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். பின்பக்கமும் கிழக்கும் அடுத்த வாரம். காலையும் மாலையும் ஒரு வாரத்துக்கு விடாமல் தண்ணீர் அடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பூச்சு வெடிக்குமாம். வெயிலோ கொளுத்துகிறது. நான் காலையில் அடித்துவிட்டுப் போனால் சாயங்காலம் இருட்டித்தான் வருகிறேன். இவர் சந்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஜூன் 6, வெள்ளி

கிளினிக்கில் டாக்டர் அம்மா சீக்கிரம் கிளம்பியதால் நானும் வெயில் இருக்கும்போதே வந்துவிட்டேன். சந்தில் எட்டிப் பார்த்தால் சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. எங்கள் சுவர். அவர்கள் சுவர் பாதிதான் நனைந்திருக்கிறது. ஓரகத்தியிடம் கேட்டேன். "உங்க மாமாதான். நேத்தும் அடிச்சார். உங்களதை முடிச்சுட்டுத்தான் நம்மளதுக்கு வருவார். சொன்னேன்னு சொல்லிடாத."

யாரிடம் சொல்வேன்? இந்த வீட்டில்தான் பேச்சே இல்லையே.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் நான் அடுப்படியில். மகளின் அறை ஜன்னல் ஓரம் இவர் நின்றுகொண்டிருந்தார், வெகுநேரமாக. வெளியே தண்ணீர் பீய்ச்சும் சத்தம். பிறகு பின்கதவு திறந்தது.

சந்திலிருந்து இவர் குரல் கேட்டது. "மேல படவே இல்ல. கீழயே ஊத்தினா மேல வெடிச்சுடும்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அடுத்து மூத்தார் குரல்.

"அப்ப நீ பிடி. எனக்குத் தோள்பட்டை வலிக்குது."

நான் கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். பால் பொங்கி வழிந்தது. துடைத்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் இவர் என்னிடம் நேராகவே, "டீ இருக்கா?" என்றார். இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

டீ குடித்துக்கொண்டே, "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

சரி, இதையாவது ஒத்துக்கொண்டாரே.

ஜூன் 21, சனி

ராத்திரி நல்ல மழை, மேற்கேயிருந்து அடித்தது. விடிந்ததும் கட்டிலை நகர்த்திச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மேலே, கீழே, மூலையில். காய்ந்துதான் இருந்தது. மகள் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இருமல் இல்லை.

இவர் அண்ணன் வீட்டில் பேப்பர் படித்துவிட்டு வந்தார். இப்போதெல்லாம் காலையில் அங்கேதான் பேப்பர். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அண்ணன் ஒரு விஷயம் சொன்னாரு" என்றார். "முன்பக்கத்துக்கு ஒண்ணும் அவசரமில்லையாம். சாரல் அடிக்கற பக்கத்தைத்தான் முதல்ல பாக்கணுமாம். தூணுக்குக் கல்லெல்லாம் வெட்டிச் செலவாம். யோசிச்சுப் பார்த்தேன், கரெக்டாத்தான் இருக்கு."

நான் இவரையே பார்த்தேன். முகத்தில் துளி விஷமம் கிடையாது. நிஜமாகவே அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"அதானே" என்றார்.