கேபிளில் தேங்காய் எண்ணெய்

உங்கள் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளில் இன்று காலை தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. நம்புகிறீர்களா? முனையைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். தலைக்குத் தேய்க்கும் அதே எண்ணெய். அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கோபத்தை முதலில் சொல்கிறேன். உங்கள் முதல் திவசத்துக்கு மொனராகலையிலிருந்து உங்கள் தம்பி வந்தார். படைத்த இலையை எடுக்கும் முன்பே பேச்சை எடுத்தார். "அண்ணி, பைக்க நான் கொண்டு போறேன். கரும்புத் தோட்டத்துக்குப் போய்வர எனக்கு ஒண்ணும் இல்ல. அண்ணன் பொருள் தம்பிக்குத்தானே? பொம்பள கைக்குக் கிளட்ச் வண்டி சரிப்படாது." கூடியிருந்த சொந்தமெல்லாம் தலையாட்டியது. எனக்கு வண்டி வேண்டுமா என்று ஒருவர் கேட்கவில்லை.

வருஷம் திரும்பும்வரை உங்கள் வண்டியைத் தொடாதே என்று இவர்கள்தான் சொன்னார்கள். தொடவில்லை. தைத்த பள்ளிக்கூட உடுப்புகளை மூட்டை கட்டித் தலையில் சுமந்து, தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கினேன். இப்படிப் பிந்தி வந்தால் தையலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பதுளைக் கடைக்காரர் சொல்லிவிட்டார். வண்டி போனால் தையலும் போகும். மறுபடி கொழுந்துக் கூடைதான். "தர மாட்டேன் தம்பி" என்றேன். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

நேற்று மாலை, பயணத்துக்குத் தயார் பண்ணுகிறேன் என்று வண்டியைத் துடைத்தார், கிளப்பிப் பார்த்தார், கேபிளுக்கும் எண்ணெய் விட்டார். இன்று விடிந்து பார்த்தால் கிளட்ச் பிடி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். "கேபிள் செத்துப் போச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு, தோட்டத்தின் கீழ் டிவிஷனில் வண்டி வேலை தெரிந்தவரைக் கூட்டிவரப் போனார். அவர் படி இறங்கியதும் நான் ஸ்பேனரை எடுத்தேன்.

மொனராகலை வெயிலில் தேங்காய் எண்ணெய் என்றைக்கும் தண்ணீர்தான். நம் மலைக் குளிரில் அது உறையும் என்பது, காலையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்துவிட்டுத் தலை சீவக் காத்திருக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் அவரை மட்டும் பார்த்துச் சிரிப்பது நியாயமா? கல்யாணமான முதல் மார்கழியில் நீங்களும் இதைத்தானே செய்தீர்கள்? "தலைக்கு ஆகுறது கேபிளுக்கு ஆகாதா புள்ள?" என்று கேட்டீர்கள். மறுநாள் போத்தலைக் காட்டுவது போல கேபிளையும் அடுப்பில் காட்டி, மேலுறையை உருக்கி, லயம் முழுக்க நாறடித்தீர்கள். நான் சிரித்ததற்குப் பொழுது சாயும்வரை முகம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதானே கேபிளை மண்ணெண்ணெயில் கழுவப் பழகினோம், அதனால் எனக்கு மருந்து தெரிந்திருந்தது. கேபிளை முழுதாகக் கழற்றி உடுப்புக் கொடியில் தொங்கவிட்டேன். ஷொப்பிங் பேக்கின் மூலையைக் கத்தரித்து மேல் முனையில் இறுக்கிக் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றினேன். உள்கம்பியை மேலும் கீழும் இழுக்க இழுக்க, கட்டியெல்லாம் கரைந்து வழிந்தது. நன்றாக வடியவிட்டு, பிறகு என் தையல் மெஷின் எண்ணெயை விட்டேன். முன்பெல்லாம் நீங்கள் மேலே ஊற்றுவீர்கள். நான் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டு "வந்துருச்சு" என்பேன். இன்று நானே ஊற்றி, நானே குனிந்து பார்த்தேன். எண்ணெய் எட்டிப் பார்த்ததும் வாய் தானாக "வந்துருச்சு" என்றது. அப்போது அழுதேன். அழுதபடியே கேபிளை மாட்டி நட்டை முறுக்கினேன்.

ஒன்று மட்டும் உங்கள் இஷ்டப்படி வைக்கவில்லை. நீங்கள் பிடியை உங்கள் பெரிய கைக்கு ஏற்றபடி வைத்திருந்தீர்கள். அதை எட்டிப் பிடித்தே என் விரல் வலிக்கும். ஒவ்வொரு சுற்றாகத் திருப்பி, அழுத்திப் பார்த்து, என் கைக்கு வாகான இடத்தில் பூட்டினேன். ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பினேன். கேபிள் எங்கும் இழுபடவில்லை.

உங்கள் தம்பி தனியாகத் திரும்பி வந்தார். தேடிப்போன ஆள் வீட்டில் இல்லையாம். பிடியை விரலால் அழுத்திப் பார்த்தவர், "அட! யார் செஞ்சது?" என்றார்.

"நான்தான்."

"நல்லதாப் போச்சு. சாவியக் குடுங்க அண்ணி, கெளம்புறேன்."

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். "பதுளையில மொனராகலை பஸ் நிக்கும் தம்பி. பின்னால ஏறுங்க, எறக்கி விடுறேன். அந்தத் தையல் மூட்டைய மடியில வச்சுக்குங்க."

அவர் நின்றார். குழாயடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி, "ஏறுங்க மாப்ள, கீழ தள்ளிற மாட்டா!" என்று கத்தினாள். குழாயடியே சிரித்தது. ஏறிவிட்டார்.

கொழுந்து நிறுக்கும் மடுவம் தெரிந்ததும் என் தோளைத் தட்டினார். "அண்ணி, நிப்பாட்டுங்க, நான் ஓட்டுறேன். அங்க அத்தன ஆளுக நிக்குது. பேசும்."

இதே வார்த்தையை நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். "ஆளுக பேசும் புள்ள." மடுவத்தைத் தாண்டும்வரை ஹேண்டிலை எனக்குத் தந்ததே இல்லை. ஆள் இல்லாத வளைவில் இறங்கி, திருடர்கள் போல இடம் மாறுவோம். ஓட்டப் பழக்கி லைசனும் எடுத்துக் கொடுத்த மனுஷன், அதை ஊருக்குக் காட்ட மட்டும் பயந்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் செத்துப்போனதால் அது ஆறிவிடவில்லை.

"பேசட்டும்" என்றேன், உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே. மடுவத்து மேட்டில் கிளட்சைப் பிடித்து, கியரைக் குறைத்து, நிறுவைக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் ஏற்றினேன். யாரோ விசிலடித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பதுளை பஸ் ஸ்டாண்டில் உங்கள் தம்பி மூட்டையை என்னிடம் கொடுத்து, "போய்ட்டு வாறேன் அண்ணி" என்றார். சாவியைப் பற்றிப் பேசவில்லை.

நீங்கள் பழக்கிய ஓட்டம் என் கையில் இருக்கிறது, அதை யாருக்கும் தர மாட்டேன். உங்கள் பயத்தை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்வதென்றால் கோபித்துக்கொள்ளுங்கள்.