வலது பக்கத்து நான்கு பட்டன்கள்

நவம்பர் 11, 2025, செவ்வாய்

வலது கட்டைவிரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதாம், சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் அரக்கோணத்து டாக்டர். பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்காரர் வளவனிடம் சொல்லவில்லை. சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டது. அங்கே எலக்ட்ரீஷியனாக இருப்பவருக்கு வீட்டுக்கு வந்தால் தூக்கம் மட்டும்தான்.

அம்பத்தூர் ஆபீசில் இன்று முழுக்க விலைப் பேச்சு. கையில் பிடித்து விளையாடும் எங்கள் புது கம்ப்யூட்டருக்கு 34,990 என்று போன மாதமே அறிவித்தாகிவிட்டது, ஜனங்கள் முன்பதிவும் செய்துவிட்டார்கள். இப்போது மெமரி சிப் விலை எகிறி நிற்கிறது. முதலாளி முரளிதரன் பதினான்கு பேரையும் உட்காரவைத்து, "வெளிய சொன்ன விலையைத் தொட முடியாது. உள்ள இருக்கறதைத்தான் தொடணும்" என்றார். போர்டு வடிவமைக்கும் ஷகீல் ஒரு சார்ஜிங் துளையை விட்டுக்கொடுத்தான். என் பங்கு, வலது பக்கத்து நான்கு பட்டன்கள். அடியில் உள்ள சுவிட்சுகளை எடுத்துவிட்டு ரப்பர் ஷீட் வைத்தால் மெஷினுக்கு நூற்றெண்பது ரூபாய் மிச்சம்.

"நீங்க அழுத்திப் பார்த்துச் சொல்லுங்க தேவயானி. உங்க விரல் சொன்னா சரி" என்றார் முரளிதரன்.

போன மாடலில் எல்லோரும் புகழ்ந்தது நான் தேர்ந்தெடுத்த பட்டனைத்தான். அதிலிருந்து என் கட்டைவிரலுக்கு ஆபீசில் தனி மரியாதை. எனக்குக்கூட அவ்வளவு கிடையாது.

நவம்பர் 12

கையை நினைத்துப் பயமாக இருக்க வேண்டும். இல்லை. ரசத்தில் உப்பு இல்லை என்றார் வளவன், அதுவும் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

சுவிட்ச் வைத்தது, ரப்பர் ஷீட் வைத்தது என இரண்டு மாதிரிகளையும் ஒரு துணிக்கு அடியில் வைத்து அழுத்தினேன். நானே கொண்டுவந்த வழக்கம் இது. எது விலை கூடியது என்று கண்ணுக்குத் தெரிந்தால் விரலும் சேர்ந்து பொய் சொல்லும்.

முதலாவது. இரண்டாவது. திரும்ப முதலாவது. ஒன்றும் தெரியவில்லை. இடது கையால் பார்த்திருக்கலாம் - பார்த்தால் ஏன் என்று கேட்பார்கள். சத்தத்தை வைத்துச் சொல்லலாம் என்றால் ஏசி இரைச்சல். முரளிதரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு சார்" என்றேன்.

எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. பொய் இல்லை. பொய் இல்லையா?

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். மாலைக்குள் மூவாயிரம் மெஷினுக்கு ரப்பர் ஷீட் ஆர்டர் போய்விட்டது. எல்லோருக்கும் சமோசா வந்தது, நானும் சாப்பிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

திரும்பும் ரயிலில் ஷகீல் பக்கத்தில் உட்கார்ந்தான். பையிலிருந்து ரப்பர் ஷீட் வைத்த மாதிரியை எடுத்து அழுத்திக்கொண்டே வந்தான்.

"அக்கா, இது நீங்க ஓகே பண்ணதா?"

"ஆங்."

"இன்னாக்கா, மண்ணு மாட்டிகினா மாதிரி இருக்குது. அழுத்துனா மேல எழவே மாட்டேங்குது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருவாலங்காடு போனது.

"இல்ல, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் பழகல போல" என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டு மாதிரியைப் பைக்குள் போட்டான். அரக்கோணத்தில் இறங்கும்போது எப்போதும் போலக் கையாட்டினான். அவன் விரலையே நம்பாமல் என்னுடையதை நம்பிவிட்டுப் போகிறான். அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்பிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

சூடான தோசைக்கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வளவன் கத்திய பிறகுதான் பார்த்தேன்.

"இன்னாடி, விரலு வெந்துகினு கீது, நீ பாட்டுக்கு நிக்கிற!"

குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையைத் தண்ணீரில் காட்டினார். கட்டைவிரலில் பெரிய கொப்புளம். வலிக்கலையா என்றார். இல்லை என்றேன். எத்தினி நாளா என்றார்.

எல்லாத்தையும் சொல்லிட்டேன். டாக்டர், துணி, கையெழுத்து, ஷகீல் சொன்னது. அவர் தண்ணீரை நிறுத்தவே இல்லை.

"ஆபீசுல சொல்லிடு தேவி. நாளைக்கே சொல்லு. காசு குடுத்து வாங்கறவன் இன்னா பாவம் பண்ணான்?"

எப்படிச் சொல்றது? விரல் இல்லாத எனக்கு அங்க என்ன வேலை? நான் தொட்டுப் பாத்து நல்லாருக்குன்னேன்னு மூவாயிரம் பேர் வாங்கப் போறாங்க - தொட்டதே எனக்குத் தெரியாது. இதுக்காவது அழுகை வரும்னு பார்த்தேன். வரல.

டிசம்பர் 10

சொல்லிவிட்டேன். முரளிதரன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கை விஷயம் எனக்குத் தெரியாதும்மா. ஆனா அந்தப் பட்டன் மட்டம்னு தெரியும். முதல் நாளே நான் அழுத்திப் பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் சார் என்னைக் கேட்டீங்க?"

"நான் சொன்னா எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. நீங்க சொன்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க." என் விரல் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கு இதுதான் முடியும். அடுத்த லாட்டுல விலையை ஏத்தியே ஆகணும், அப்போ பழைய சுவிட்சையே போட்டுடலாம். நீங்க லீவு எடுத்துக்கிட்டு முதல்ல கையைப் பாருங்க" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஒரு மாதமாக நான் பயந்து மறைத்தது அவருக்குத் தேவையே படவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது என் பெயர். சரி சார் என்று சொல்லிவிட்டு ரயில் பிடித்தேன்.

டிசம்பர் 31

முருகன் மலைக்கோயிலில் படித்திருவிழா. ஊரே மலையேறுகிறது, பஜனை கோஷ்டிகளின் தாளச் சத்தம் வீடு வரை வருகிறது. ஓர் ஆட்டோகூடக் கிடைக்கவில்லை. மெஷின்கள் எல்லாம் பெட்டி கட்டிப் போய்விட்டதாக ஷகீல் தகவல் அனுப்பினான். எனக்கு எட்டாம் தேதி ஆபரேஷன்.

ஜனவரி 20, 2026

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறேன். வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளை வளவன் போனில் படித்துக் காட்டினார். பட்டன் சொதப்பல், ஆனால் இந்த விலைக்குப் பரவாயில்லை. வலது பட்டன் சில நேரம் ஒட்டுகிறது, இந்த விலைக்கு வேறென்ன எதிர்பார்ப்பது. திரையும் வேகமும் அருமை, பட்டன் போகட்டும்.

"பாரு, எவனும் உன்னைத் திட்டல" என்றார்.

திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 4, புதன்

இரண்டாவது லாட்டுக்கு விலை 38,990. ஒப்புதலுக்காக மாதிரியைக் கூரியரில் வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். விரலுக்கு முக்கால்வாசி உணர்வு வந்துவிட்டது. அழுத்தினேன். உள்ளே போகும்போது நறநற என்றது, பாதியில் நின்று யோசித்துத்தான் மேலே வந்தது. அதே ரப்பர் ஷீட். நான் சரி என்று சொன்ன பொருளை இன்றுதான் முதன்முதலாகத் தொடுகிறேன். அசிங்கமாக இருந்தது.

முரளிதரனைக் கூப்பிட்டேன்.

"ஏத்தின நாலாயிரமும் மெமரிக்கே போயிடுச்சும்மா. அதுவுமில்லாம, வாங்கினவங்க யாரும் பட்டனைப் பெரிசா எடுத்துக்கலையே?"

"நான் கையெழுத்து போட மாட்டேன் சார்."

"சரிம்மா, ரெஸ்ட் எடுங்க."

கோபமே படவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் ஷகீல் கூப்பிட்டான். ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசுகிறான் என்று குரலில் தெரிந்தது.

"அக்கா, பட்டனுக்கு என்னைக் கையெழுத்து போடச் சொல்றாரு. போடலன்னா லாட்டு நின்னுடும், அப்புறம் யாருக்கும் சம்பளம் இல்லன்றாரு. மே மாசம் நிக்காஹ் வச்சிகினு நான் எங்கக்கா போவேன்? நீங்க சொல்லுங்க. போடட்டா?"

அது மண் மாட்டிய மாதிரி இருக்கிறது என்று முதலில் சொன்னவன் அவன். போடு என்று சொன்னால் அவனும் இனி என்னைப் போல ஆகிவிடுவான். போடாதே என்றால் அவன் வேலை போகும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அவன் போட்டுவிடுவான், பாவம்.

"நீ போடாத. தாளை எனக்கு அனுப்பச் சொல்லு, நான் போடறேன்" என்றேன்.

மதியம் வந்தது. போட்டேன். கட்டைவிரலுக்குக் கீழே பேனா உருள்வது நன்றாகவே தெரிந்தது. அனுப்பினேன்.

வளவனிடம் சொன்னேன். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஷகீலிடமிருந்து குறுஞ்செய்தி: ரொம்ப தேங்க்ஸ் அக்கா, இந்த உதவியை மறக்க மாட்டேன். அதைப் படித்த பிறகுதான் அழுகை வந்தது. வெகு நேரம் நிற்கவே இல்லை.